பாட்டியின் கூழாங்கற்களும் முடிவிலா எண்களும்

ஜவ்வாது மலையில் ஆடு வளர்க்கும் என் பாட்டி பள்ளிக்கூடம் சென்றதில்லை. ஆயினும் மாலையில் ஓர் ஆடு குறைந்தாலும் அவருக்குத் தெரிந்துவிடும். காலையில் பட்டியிலிருந்து ஆடு ஒவ்வொன்றாக வெளியேறும்போது, பானையில் ஒரு கூழாங்கல்லை இடுவார். மாலையில் ஆடு ஒன்று உள்ளே நுழைந்தால் ஒரு கல்லை எடுப்பார். பானை காலியானால் ஆடுகள் அனைத்தும் வந்துவிட்டன என்று பொருள்.

இவ்வாறு ஒரு கணத்தின் ஒவ்வோர் உறுப்பையும் மற்றொரு கணத்தின் ஓர் உறுப்போடு, எதுவும் மிஞ்சாமலும் எதுவும் இருமுறை வராமலும் இணைப்பதே ஒன்றுக்கொன்றான பொருத்தம். எண்ணி முடிக்கவே முடியாத கணங்களுக்கும் இம்முறை உதவுமா? துணிந்து ஆராய்ந்தவர் ஜெர்மனியில் வாழ்ந்த கணித மேதை ஜார்ஜ் கேண்டர் (1845–1918).

1, 2, 3, 4… என்பவை இயல் எண்கள். 2, 4, 6, 8… என்பவை இரட்டை எண்கள். பின்னவை முன்னவற்றில் பாதிதானே என்று தோன்றும். ஆனால் 1க்கு 2, 2க்கு 4, 3க்கு 6 என்று இணைத்துப் பாருங்கள். எந்த இயல் எண்ணுக்கும் அதன் இருமடங்கு துணை. எந்த இரட்டை எண்ணுக்கும் அதன் பாதி துணை. கல்லும் மிஞ்சவில்லை, ஆடும் மிஞ்சவில்லை. எனவே இரண்டும் சமம்! வர்க்க எண்களிலும் இவ்விந்தை உண்டென்று 1638இல் வெளியான நூலில் கலிலியோ குறிப்பிட்டார். ஆனால் முடிவிலாதவற்றில் பெரிது, சிறிது, சமம் என்று பேசலாகாது என்று அவர் நிறுத்திக்கொண்டார். கேண்டர் நிறுத்தவில்லை.

இருபுறமும் நீளும் முழுக்களை 0, 1, −1, 2, −2, 3, −3… என்று மாறி மாறி எடுத்தால், அவற்றுக்கும் 1, 2, 3, 4, 5, 6, 7… துணையாகின்றன. பின்னங்களையும் இவ்வாறு வரிசைப்படுத்தலாம் என்று கேண்டர் காட்டினார்.

அப்படியானால் முடிவிலாக் கணங்கள் எல்லாம் சமமா? இல்லை. 0க்கும் 1க்கும் இடையிலுள்ள தசம எண்கள் அனைத்தையும் ஒருவர் பட்டியலிட்டுவிட்டதாகக் கொள்வோம். முதல் எண்ணின் முதல் தசம இலக்கம் 5 ஆனால் 6 எழுதுவோம். வேறானால் 5 எழுதுவோம். இரண்டாம் எண்ணின் இரண்டாம் இலக்கத்துக்கும், மூன்றாம் எண்ணின் மூன்றாம் இலக்கத்துக்கும் அவ்வாறே செய்துகொண்டு போவோம். இப்படிக் கிடைக்கும் எண், பட்டியலிலுள்ள ஒவ்வோர் எண்ணோடும் ஓரிடத்திலாவது வேறுபடும். எனவே அது பட்டியலில் எங்குமே இல்லை. கற்கள் முடிவிலாதிருந்தும் ஆடு மிஞ்சிவிட்டது! இம்முறையைக் கேண்டர் 1891இல் வெளியிட்டார்.

இதைப் பாட்டியிடம் சொன்னேன். "மிஞ்சின ஆட்டுக்கு இன்னொரு கல்லு போட வேண்டியதுதானே?" என்றார். திகைத்துப் போனேன். விடுபட்ட எண்ணைப் பட்டியலின் தலைப்பில் சேர்த்து மீண்டும் செய்து பார்த்தேன். இப்போது வேறோர் எண் விடுபட்டது! எத்தனை முறை சேர்த்தாலும் அப்படியேதான். "எனக்கு என்ன தெரியும்" என்று சொல்லும் பாட்டி கேட்ட கேள்வியால்தான் எனக்கு இப்பாடம் முழுமையாக விளங்கிற்று.

முடிவின்மை இறைவனுக்கே உரியதன்றோ என்ற ஐயம் அக்காலத்தில் எழுந்தது. 1886இல் கேண்டர், இயேசு சபையைச் சேர்ந்த கர்தினால் பிரான்ஸலினுக்குக் கடிதம் எழுதி, இறைவனின் முடிவின்மை வேறு, படைக்கப்பட்டவற்றின் முடிவின்மை வேறு என்று விளக்கினார். அவ்வாறு வேறுபடுத்தினால் சமய உண்மைகளுக்கு ஆபத்தில்லை என்று கர்தினாலும் பதில் எழுதினார்.

நம் மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்தின் தொலைநோக்கி எத்தனை விண்மீன்களைக் காட்டினாலும் அவற்றுக்குக் கற்கள் போதும். ஆனால் நம் அளவுகோலில் 0க்கும் 1க்கும் இடையே உள்ளவற்றுக்குப் போதா. ஆகவே தோழியரே, கணிதம் என்றதும் அஞ்சாதீர்கள். ஒரு பிடி கூழாங்கற்களோடு தொடங்குங்கள்!

— பத்தாம் வகுப்பு மாணவி