சாம்பல் நிறத்தை மறந்துவிடு

அன்புள்ள மலருக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். நீ எடுத்த மீன்சந்தைப் படத்தை லினோ பலகையில் செதுக்கி அச்சிடப் போகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். செய். ஆனால் படத்தை அப்படியே கொண்டுவரப் பார்க்காதே. கேமரா எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்துவிடும்: கூடை, செதில், பின்னால் நிற்கும் பைக், சுவரொட்டி. லினோவில் பாதிக்கு மேல் விட்டுவிடத் துணிச்சல் வேண்டும்.

முதலில் கறுப்பு வெள்ளைக்கு மாற்று. பிறகு சாம்பல் நிறம் அற்றுப்போகும் வரை கான்ட்ராஸ்டை ஏற்று. ஒரே மையில் அச்சிடும்போது இருப்பது இரண்டுதான்: மை பட்ட இடம், படாத இடம். மீன்காரம்மாவின் கன்னத்து நிழல் கறுப்பா வெள்ளையா என்று நீதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். நடுவில் ஒரு நிழல் வேண்டுமென்றால் கோடுகளால்தான் வரும். வெட்டிய கோடுகள் நெருங்க நெருங்க வெளிச்சம் கூடும். பக்கவாட்டில் வெயில் விழுந்த படமாகப் பார்த்து எடு. மேகமூட்டத்தில் எடுத்தது போட்டோவாக எவ்வளவு அழகாக இருந்தாலும் இதற்கு ஆகாது.

நந்தலால் போஸ் 1930-இல் செதுக்கிய காந்தியைப் பார்த்திருக்கிறாயா? கறுப்புப் பின்னணியில் கோலூன்றி நடக்கும் உருவம், சில வெள்ளைக் கோடுகள். தண்டி யாத்திரைக்குப் புகைப்படங்கள் எத்தனையோ உண்டு. எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த அச்சுதான். ஓவியர் சித்தப்ரசாத்தையும் தேடிப் பார். 1943 வங்கப் பஞ்சத்தின்போது சுனில் ஜானா கேமராவோடும் இவர் ஸ்கெட்ச் புத்தகத்தோடும் சேர்ந்தே பயணம் போனார்கள். பின்னாளில் சித்தப்ரசாத் லினோவில் செதுக்கிய, வேலைக்குப் போகும் குழந்தைகளின் முகங்களைக் கவனி. உனக்கு வேண்டிய பாடமெல்லாம் அங்கே இருக்கிறது.

இனி கைவேலை. லினோ என்பது ஆளிவிதை எண்ணெயையும் தக்கைத் தூளையும் கலந்து சணல் துணியில் படியவைத்தது. தரையில் விரிக்கச் செய்த சரக்கு. குளிர்ந்தால் இறுகிவிடும். சற்று வெயிலில் வைத்து எடு, வெண்ணெய்போல் வெட்டுப்படும். நுண்கோட்டுக்கு வி வடிவ உளி, பரப்பை ஒழிக்க யூ வடிவ உளி. உளியை உடம்புக்கு வெளிப்புறமாகவே தள்ளு. பலகையைப் பிடித்திருக்கும் கை உளிக்கு முன்னால் வரவே கூடாது.

அச்சில் படம் இடம்வலம் மாறிவிடும். அதனால் டிரேசிங் தாளைக் கவிழ்த்துப் போட்டுப் பலகையில் படியெடு. கடைப் பெயர்ப்பலகை தெரிகிற படமென்றால் இதை மறந்தாய், தொலைந்தாய்.

அச்சு மெஷின் தேவையில்லை. மையைக் கண்ணாடியில் ரோலரால் மெல்லிசாக உருட்டு. லேசாகச் சீறும் சத்தம் கேட்டால் சரி, சளசளத்தால் மை அதிகம். மெல்லிய தாளை வைத்து எவர்சில்வர் கரண்டியின் முதுகால் தேய். வெட்டியதைத் திரும்ப ஒட்ட வழியில்லை என்பதால் கொஞ்சம் வெட்டி, ஓர் அச்சு எடுத்துப் பார்த்து, மேலும் வெட்டு.

கலர் ஆசை இப்போது வேண்டாம். பிக்காசோ ஒரே பலகையை வெட்டி வெட்டி நிறம் நிறமாக அச்சிட்டார். கடைசி நிறம் ஏறும்போது பலகையும் தீர்ந்திருக்கும். அதெல்லாம் அடுத்த வருஷம்.

முதல் அச்சைப் போனில் படமெடுத்து அனுப்பாதே. மை நன்றாகக் காய்ந்த பிறகு, இரண்டு பக்கமும் அட்டை வைத்துத் தபாலில் அனுப்பு.

அன்புடன்,
பெரியப்பா