பிசின் தைலமும் இரண வைத்தியனும்

வேத பாடம்: எரேமியா 8:11, 22, லூக்கா 10:30-35



மயிலாப்பூரானாலும் தியாகராய நகரானாலும் அடையாறானாலும், தைலப் புட்டி இல்லாத வீடு அரிது. தலைவலியோ இடுப்புப் பிடிப்போ வந்தால் கை முதலில் அதைத்தான் தேடுகிறது. இம்முறை அந்தத் தைலத்தைக் குறித்து வேத வெளிச்சத்திலும் மருத்துவ வெளிச்சத்திலும் சிந்திப்போம்.

1. வேதத்தில் தைலம்

யோர்தானுக்குக் கிழக்கேயுள்ள கீலேயாத் நாடு பிசின் தைலத்துக்குப் பேர்பெற்றது. மரப்பட்டையிலிருந்து கசியும் வாசனைப் பிசின் அது. யோசேப்பை விலைக்கு வாங்கிய வணிகர் அதை ஒட்டகங்களில் ஏற்றி எகிப்துக்குக் கொண்டுபோனார்கள் (ஆதியாகமம் 37:25). ஒட்டகத்தின்மேல் புண்ணாற்றும் தைலம் இருந்தது. அருகே சகோதரரால் புண்பட்டுப் போன வாலிபனை ஆற்ற ஒருவருமில்லை.

2. நம் ஊரில் தைலம்

காசிநாதுனி நாகேஸ்வர ராவ் பந்துலு 1893ல் பம்பாயில் அமிர்தாஞ்சனத்தைத் தொடங்கினார். 1914ல் அத்தொழில் சென்னைக்கு வந்து, மயிலாப்பூர் லஸ் பகுதியில் வேரூன்றியது. அதன் வருமானத்தைக்கொண்டு அவர் 'ஆந்திர பத்திரிகா'வை நடத்தி, தேச விடுதலைக்கும் உதவினார். லஸ்ஸிலுள்ள பூங்கா அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இத்தகைய தைலங்களில் புதினாவிலிருந்து வரும் மெந்தால், கற்பூரம், யூகலிப்டஸ் இலையின் நீலகிரித் தைலம் முதலியன சேருகின்றன. மெந்தால் குளிர்ச்சியை உணரும் நரம்பு நுனிகளைத் தூண்டுகிறது. தோல் உண்மையில் குளிர்வதில்லை. ஆனாலும் அந்த உணர்வு வலியை மறக்கச் செய்கிறது. மூக்கடைப்பும் அப்படியே. திறந்ததுபோல் தோன்றினாலும் அடைப்பு இருந்தபடியே இருக்கும். களைத்த உடலுக்கு இந்த ஆறுதல் நல்ல ஈவுதான். ஆனால் ஆறுதல் வேறு, குணம் வேறு.

3. தைலத்தின் எல்லை

* இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கற்பூரத் தைலம் பூசலாகாது. விழுங்கினால் வலிப்பு உண்டாகும்.
* தீப்புண்ணிலும் வெட்டுக்காயத்திலும் தடவக்கூடாது.
* சர்க்கரை நோயால் உணர்ச்சி மங்கிய பாதத்தில் தைலம் தேய்த்து வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால், கொப்புளம் எழுவதுகூடத் தெரியாது.
* நெஞ்சை அழுத்தும் வலி, வியர்வை, கைக்கோ தாடைக்கோ பரவும் வலி இருந்தால் தைலத்தைத் தேடாதிருங்கள். உடனே 108ஐ அழையுங்கள். தேய்த்துவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில் உயிரே போய்விடலாம்.

4. நமக்குரிய பாடம்

எரேமியா தைலம் இல்லையோ என்று கேட்டதோடு நிறுத்தவில்லை. இரண வைத்தியன் இல்லையோ என்றும், ஜனம் ஏன் இன்னும் சொஸ்தமடையவில்லை என்றும் கேட்கிறார். அதே அதிகாரத்தில், சமாதானம் இல்லாதபோது சமாதானம் என்று சொல்லி ஜனத்தின் காயத்தை மேற்பூச்சாய் ஆற்றுகிறவர்களைக் கண்டிக்கிறார். தைலம் நல்லதே. மேற்பூச்சோடு நின்றுவிடுவதே குற்றம்.

நல்ல சமாரியன் அப்படி நின்றுவிடவில்லை. எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயத்தைக் கட்டினான். தன் வாகனத்தில் ஏற்றிச் சத்திரத்துக்குக் கொண்டுபோய்ப் பராமரித்தான். மறுநாள் இரண்டு பணம் கொடுத்து, மேற்கொண்டு ஆகும் செலவையும் ஏற்றுக்கொண்டான். எண்ணெய் அன்றைய வலியை ஆற்றியது. அந்த இரண்டு பணம் அவன் எழுந்து நடக்கும்வரை தாங்கியது.

பிரியமானவர்களே, வெறும் தைலத்தோடு நாள் கடத்தும் ஏழைக்குப் பரிசோதனையும் அறுவைச் சிகிச்சையும் படுக்கையும் கிடைக்கச் செய்யும் உங்கள் காணிக்கையே அந்த இரண்டு பணம். நாங்கள் சத்திரக்காரரின் வேலையைச் செய்கிறோம். சமாரியனின் பங்கு உங்களுடையது.

சிந்திக்க: அயலானின் காயத்துக்கு நாம் இடுவது மேற்பூச்சா, பராமரிப்பா?

ஜெபிக்க: வலியை மறைத்துக்கொண்டு தாமதிக்கிறவர்கள் காலத்தில் சிகிச்சைக்கு வரவும், அவர்களைத் தொடும் கைகள் சோர்ந்துபோகாதிருக்கவும் மன்றாடுவோம். பரம வைத்தியராகிய கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.