பாடம் 12: தளம் திருடிய ஜோன் அன்டர்சன்

பிள்ளைகளே, பள்ளிக்கூடத்தில் ‘ஸ்லோபால்’ விளையாடியிருக்கிறீர்கள்தானே? பந்தை அடித்துவிட்டு ஓட வேணும். பந்து வர முன்னம் திரும்பி வர வேணும். உங்கள் அம்மப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். “நாங்கள் ஊரில எல்லே விளையாடினனாங்கள். மூங்கில் தடியால பந்தை அடிச்சுப்போட்டு ஓடுவம்” எண்டு அவர் சொல்லக்கூடும்.

அமெரிக்காவில் இதே மாதிரியான ஒரு விளையாட்டு இருக்கிறது. அதன் பெயர் பேஸ்போல். அதில் நான்கு தளங்கள் உண்டு. ஒரு தளத்துக்கும் அடுத்த தளத்துக்கும் இடையே ஏறத்தாழ 27 மீற்றர். பந்தை அடித்தவர் ஒவ்வொரு தளமாகத் தொட்டு, நான்காவது தளத்துக்கு வந்து சேர்ந்தால் ஒரு ஓட்டம் கிடைக்கும்.

அமெரிக்காவின் மிக உயர்ந்த பேஸ்போல் போட்டிகளை ‘மேஜர் லீக்’ என்பார்கள். நோர்வேயில் பிறந்து அங்கே விளையாடிய முதல் ஆள் யார் தெரியுமா? ஜோன் அன்டர்சன். அவர் 1873-இல் சார்ப்ஸ்போர்க்கில் பிறந்தார். ஒஸ்லோவில் ரெயின் ஏறினால் ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் மேலே எடுக்கும், அந்த ஊர்தான்! சின்ன வயதிலேயே அவர் அமெரிக்காவுக்குப் போய்விட்டார். மசச்சூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள வூஸ்டர் நகரத்தில் வளர்ந்தார். 1894-இல் புரூக்ளின் அணியில் சேர்ந்தார்.

பிழையான பட்டப்பெயர்

அன்டர்சன் உயரமானவர், பார்க்கவும் அழகானவர். அதனால் அவருக்கு ‘சுவீடன் அப்பொல்லோ’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள். அப்பொல்லோ என்பவர் பழைய கிரேக்கக் கதைகளில் வரும் அழகான கடவுள். அழகன் எண்டது சரி. ஆனால், சுவீடனா?

அந்தக் காலத்தில் நோர்வேக்கும் சுவீடனுக்கும் ஒரே அரசர்தான். 1905-இல்தான் இரண்டு நாடுகளும் பிரிந்தன. வூஸ்டரில் சுவீடன்காரர் நிறையப் பேர் குடியேறியும் இருந்தார்கள். பட்டப்பெயர் வைத்தவர்களுக்கு எல்லாரும் ஒன்றுதான் போல!

நானும் ஒஸ்லோவில்தான் படித்தேன். “நீ இந்தியாவா, பாகிஸ்தானா?” எண்டு வகுப்பில் கேட்பார்கள். “இல்லை, நான் இலங்கைத் தமிழர்” எண்டு சொல்லுவேன். அடுத்த கிழமையும் அதே கேள்வி வரும். அதனால் இந்தப் பட்டப்பெயரை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அன்டர்சன் மேல் ஒரு பாசமும் வந்தது.

ஒரு பிழை

பேஸ்போலில் ‘தளம் திருடுதல்’ எண்டு ஒன்று இருக்கிறது. பயப்படாதீர்கள், இந்தத் திருட்டுக்குப் பொலிஸ் வராது! எதிரணிக்காரர் பந்தை எறியும் நேரம் பார்த்து, அடுத்த தளத்துக்கு ஒரே ஓட்டமாக ஓடிவிடுவதுதான் அது. ஆனால் ஒரு தளத்தில் ஒருவர் மட்டுமே நிற்கலாம்.

ஒருநாள், தன் அணிக்காரர் ஏற்கெனவே நின்ற தளத்தையே அன்டர்சன் திருடப் போனார் என்று கதை பரவியது. தளத்தை விட்டு அதிகம் விலகி நின்றதால்தான் அவர் பிடிபட்டார் என்று சொல்பவர்களும் உண்டு. ஆனால் கதை நிற்கவில்லை. ஆள் நிற்கும் தளத்துக்கு யாராவது ஓடினால், அதை ‘ஜோன் அன்டர்சன்’ என்றே சொல்லத் தொடங்கினார்கள். பாவம், அவருடைய பெயரே ஒரு பிழையின் பெயராகிவிட்டது!

இனி எண்களைப் பார்ப்போம்

அன்டர்சன் 14 பருவங்கள் மேஜர் லீக்கில் விளையாடினார். 1898-இல், ஒரே அடியில் மூன்றாம் தளம் வரை ஓடியதை 22 தடவை செய்தார். அந்த வருடம் நஷனல் லீக்கில் அதுதான் மிக அதிகம். 1906-இல் அவருக்கு 32 வயது. அந்த வருடம் 39 தளங்களைத் திருடினார். அமெரிக்கன் லீக்கில் அவரும் எல்மர் பிளிக் என்பவரும்தான் முதலிடம். மொத்தமாக அவர் திருடிய தளங்கள் 338.

ஆட்கள் பேசியது ஒரு பிழையைப் பற்றி. அவர் ஓடி வென்றது 338 தளங்கள். பிழை விட்டவர் ஓடுவதை நிறுத்தவில்லை, பார்த்தீர்களா?

அன்டர்சன் 1908-இல் சிக்காகோ அணியில் தன் கடைசி மேஜர் லீக் பருவத்தை விளையாடினார். 1949-இல் வூஸ்டரில் காலமானார்.

சொற்பொருள்

பட்டப்பெயர் – மற்றவர்கள் வைக்கும் வேறு பெயர்
பருவம் – ஒரு வருடத்தில் போட்டிகள் நடக்கும் காலம்
குடியேறுதல் – வேறு இடத்துக்குப் போய் வாழத் தொடங்குதல்

பேச்சில் – எழுத்தில்

எண்டு – என்று
வேணும் – வேண்டும்
ஓடுவம் – ஓடுவோம்
விளையாடினனாங்கள் – விளையாடினோம்

பயிற்சி

1. அன்டர்சன் எங்கே பிறந்தார்? எங்கே வளர்ந்தார்?
2. அவருடைய பட்டப்பெயரில் என்ன பிழை?
3. ‘தளம் திருடுதல்’ என்றால் என்ன? உங்கள் சொந்தச் சொற்களில் சொல்லுங்கள்.
4. உங்களை யாராவது வேறு நாட்டுக்காரர் என்று நினைத்ததுண்டா? என்ன பதில் சொன்னீர்கள்? ஐந்து வரிகள் எழுதுங்கள்.
5. வீட்டு வேலை: அம்மம்மாவிடம் அல்லது அம்மப்பாவிடம் அவர்கள் ஊரில் விளையாடிய ஒரு விளையாட்டைப் பற்றிக் கேளுங்கள். அடுத்த வகுப்பில் வந்து சொல்லுங்கள்.