நடைக்கும் தசைக்கும் உள்ள உறவு

அறுபதைக் கடந்தவர்களுக்கு வைத்தியர்கள் சொல்லும் யோசனைகளுள் முதலில் நிற்பது, தினந்தோறும் நடக்க வேண்டும் என்பது. அதைக் கேட்டு நடக்கிறவர்களும், கேட்டும் நடவாதவர்களும் ஒரு விஷயத்தில் மட்டும் அபிப்பிராய பேதமின்றி ஒன்றுபட்டிருக்கிறார்கள்: நடை, சைக்கிள், நீச்சல் ஆகிய ஏரோபிக் பயிற்சிகள் இருதயத்துக்கு நல்லவை, தசைக்கும் அவற்றுக்கும் சம்பந்தம் இல்லை, தசை வேண்டுமானால் இரும்பைத் தூக்க வேண்டும், இரும்பைத் தூக்கும் வயதோ கடந்துவிட்டது. இந்த நான்கு கூற்றுகளில் முதலாவது மெய், இரண்டாவது பொய், மூன்றாவது பாதி மெய், நான்காவது முழுப் பொய்.

விஷயம் அலட்சியம் செய்யத்தக்கதன்று. ஐம்பதாம் வயதுக்குப் பிறகு மனித சரீரத்தில் தசையின் அளவு ஆண்டொன்றுக்குச் சுமார் 1 முதல் 2 சதவீதம் வரை குறைந்துகொண்டே போகிறது. பலமோ அளவைக் காட்டிலும் விரைவாகக் குறைகிறது. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுவதும், பஸ்ஸின் உயரமான படியில் காலெடுத்து வைப்பதும், கால் தடுக்கினால் விழாமல் சமாளித்துக்கொள்வதும் இந்தப் பலத்தைப் பொறுத்தவை. உண்ட பின் ரத்தத்தில் சேரும் சர்க்கரையில் பெரும் பங்கை வாங்கிக்கொள்வதும் தசையே ஆகையால், தசை குறைந்தவருக்குச் சர்க்கரை வியாதியைக் கட்டுக்குள் வைத்திருப்பதும் கடினமாகிறது.

நம்பிக்கை: நடையும் சைக்கிளும் இருதயத்துக்கு மட்டுமே, தசைக்கு அவற்றால் பிரயோஜனம் இல்லை.

1967ஆம் ஆண்டில், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஜான் ஹாலோசி என்னும் விஞ்ஞானி, எலிகளை ட்ரெட்மில்லின் மீது வாரக்கணக்கில் ஓடவைத்து, எல்லோரும் கவனித்துவந்த இருதயத்தை விட்டுவிட்டு, அவற்றின் கால் தசையை எடுத்து ஆராய்ந்தார். தசைநாரின் உள்ளே பிராணவாயுவைக் கொண்டு சக்தியை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணுறுப்புகளின் திறன், ஓடிய எலிகளிடத்தில் ஏறத்தாழ இரண்டு மடங்காகியிருந்தது. மூச்சு வாங்கச் செய்யும் பயிற்சி தசையையே உள்ளிருந்து மாற்றியமைக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான தொடக்கம் வேண்டியதில்லை; ஆயினும் இந்த முடிவு பொதுஜனங்களிடம் வந்து சேர அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் போதவில்லை.

தசையின் திறன் கூடுவது ஒருபுறம் இருக்கட்டும், அதன் பருமன் கூடுமா என்று கேட்பவர்களுக்கு இந்தியானா மாகாணத்திலுள்ள பால் ஸ்டேட் சர்வகலாசாலையில் மாத்யூ ஹார்பரும் அவருடைய சகாக்களும் நடத்திய பரிசோதனைகள் விடையளிக்கின்றன. எழுபது வயதை ஒட்டிய 9 மாதரை 12 வாரம் நிலைச் சைக்கிளில் பயிற்றுவித்து, நேரத்தையும் வேகத்தையும் படிப்படியாகக் கூட்டி, இறுதியில் தொடையின் முன்புறத் தசையை அளந்து பார்த்தபோது, அதன் கனஅளவு சராசரியாக 12 சதவீதம் வளர்ந்திருந்தது. ஒரு பளுவையும் அவர்கள் தூக்கவில்லை. 2012இல் வெளியான அடுத்த ஆராய்ச்சியில், எழுபத்து நான்கு வயதை ஒட்டிய முதியோரும் இருபது வயது இளைஞரும் அதே பயிற்சியைச் செய்ய, இரு சாராருக்கும் தசை வளர்ந்த அளவு ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. பரிசோதிக்கப்பட்டவர்களின் தொகை சிறியது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நடக்கவே நடக்காது என்று சொல்லப்பட்ட ஒரு காரியம் நடந்திருக்கிறது என்பதைக் காட்ட அந்தத் தொகை போதும்.

காரணம் என்ன? உணவு உண்டபின் சுரக்கும் இன்சுலின், சர்க்கரையைத் தசைக்குள் அனுப்புவதோடு நில்லாமல், ரத்தக் குழாய்களை விரித்துப் புரதத்தின் கூறுகளையும் தசையில் சேர்ப்பிக்கிறது. முதுமையில் தசை இந்தக் கட்டளைக்குச் செவிசாய்ப்பது குறைந்துபோவதால், நன்றாக உண்பவரும் இளைக்கிறார். டெக்ஸாஸ் மாகாணத்தின் கால்வெஸ்டன் நகரில் நடந்து 2007இல் வெளியான பரிசோதனையில், முதியவர்கள் இருதயத் துடிப்பு அதன் உச்சத்தில் 70 சதவீதத்தை எட்டும் வேகத்தில் ஒரே ஒரு முறை 45 நிமிஷம் நடந்தார்கள். மறுநாள் அவர்களுடைய தசை இன்சுலினுக்கு மீண்டும் இணங்கிப் புரதத்தைச் சேர்த்துக்கொண்டது. ஒரு வேளை நடைக்கு இவ்வளவு பலன் என்றால், தினசரி நடைக்கு என்ன பலன் என்பதை நான் விரிக்க வேண்டியதில்லை.

ஆனால் வேகம் என்பதை அடிக்கோடிட்டுச் சொல்ல வேண்டும். பூங்காவை மூன்று முறை சுற்றுவதற்குள் அரசியலையும் மருமகளையும் அலசி முடித்துவிடும் நடையில், மனத்துக்கு ஆறுதலும் சிநேகத்துக்கு வளர்ச்சியும் உண்டு. தசைக்கு அதிகம் இல்லை. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது என்பது எளிய அளவுகோல்.

நம்பிக்கை: வயதான காலத்தில் நடந்தால் இருக்கிற தசையும் கரைந்துபோகும்.

இதற்கு ஒரு பூர்வோத்தரம் உண்டு. 1980இல் ராபர்ட் ஹிக்சன் என்பவர், வாரத்தில் 5 நாள் கடும் பளுப் பயிற்சியையும் 6 நாள் கடும் ஓட்டத்தையும் சைக்கிளையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு, பத்து வாரப் பயிற்சியின் கடைசிக் கட்டத்தில் பலம் மேலும் வளராமல் சற்றுத் தாழ்ந்ததைக் கண்டறிந்தார். அவர்கள் முதியவர்களும் அல்லர். அந்த அளவு உழைப்பை எந்தத் தாத்தாவும் செய்யப்போவதும் இல்லை. அந்த முடிவை ஜிம்களிலிருந்து பிடுங்கிவந்து, காலையில் அரைமணி நேரம் நடக்கும் முதியவரைப் பயமுறுத்துவது நியாயம் ஆகாது.

தசையைக் கரைப்பது நடையன்று, நடையோடு சேர்ந்த பட்டினி. உடல் பருத்த 160 முதியவர்களில் பெரும்பாலோரை 26 வாரம் உணவைக் குறைத்து எடை இறங்கச் செய்த ஓர் ஆராய்ச்சி 2017இல் வெளியாயிற்று. அதில் ஏரோபிக் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்குக் கொழுப்பு நீங்கிய உடல் எடை 5 சதவீதமும், பளுப் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு 2 சதவீதமும், இரண்டையும் செய்தவர்களுக்கு 3 சதவீதமும் குறைந்தன. உடலின் செயல்திறனோ தனித்தனியே செய்தவர்களுக்கு 14 சதவீதமும், இரண்டையும் செய்தவர்களுக்கு 21 சதவீதமும் உயர்ந்தது. ஆகவே எடையைக் குறைக்கும் ஆவேசத்தில் இரவு உணவைத் துறந்து நடப்பவர்கள், துறந்தது எதை என்று யோசிப்பது நல்லது. முதியோருக்கு எடையில் கிலோ ஒன்றுக்கு நாளைக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும் என்பது நிபுணர் குழுக்களின் சிபாரிசு. அதாவது 60 கிலோ எடையுள்ளவருக்கு 60 முதல் 72 கிராம். இரண்டு இட்லியும் நீர்த்த சாம்பாரும், ரசமும் மோரும் என்று ஒரு நாளைக் கழிப்பவர் அதன் அருகிலும் வரமாட்டார். சிறுநீரக வியாதி உள்ளவர்கள் மட்டும் வைத்தியரைக் கேட்டே இதைத் தீர்மானிக்க வேண்டும்.

நம்பிக்கை: நடக்கிறேன், ஆகையால் வேறொன்றும் வேண்டாம்.

இது நடப்பவர்களின் மாயை. கனடாவில் ஆயுள் முழுதும் ஓடிவந்த, அறுபத்தைந்தை ஒட்டிய வயதினரின் முழங்காலுக்குக் கீழே முன்புறமுள்ள தசையைச் சோதித்தபோது, அதை இயக்கும் நரம்பணுக்களின் தொகை இருபத்தைந்து வயதினருக்குள்ள அளவில் இருந்தது. நல்ல நரம்புகளோடு பிறந்தவர்களே கடைசிவரை ஓடினார்கள் என்றும் வாதிக்கலாம். ஆனால் அத்தகையவர்களின் மேல்கைத் தசையைச் சோதித்தபோது அந்த அனுகூலம் காணப்படவில்லை; ஆகவே பலன் உழைத்த தசைக்கே அன்றி மற்றதற்கு இல்லை என்று கொள்ளலாம். முதுமையில் முந்தித் தேய்வது, சடக்கென்று எழவும் தடுமாறினால் தாங்கவும் உதவும் விரைவுத் தசைநார்கள். அவற்றைச் சாவதானமான நடை தட்டி எழுப்புவதில்லை. ஆகவேதான் உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட நெறிமுறை, 65 வயதைக் கடந்தவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிஷ மிதமான ஏரோபிக் பயிற்சியோடு, இரண்டு நாளேனும் தசைக்குப் பலமூட்டும் பயிற்சியும், மூன்று நாள் சமநிலைப் பயிற்சியும் வேண்டும் என்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து கையூன்றாமல் பத்து முறை எழுவதும், மாடிப்படி ஏறுவதும் தொடக்கத்துக்குப் போதுமானவை.

நம்பிக்கை: எழுபதுக்கு மேல் ஓய்வே உத்தமம்.

பாஸ்டன் நகரில் 86 முதல் 96 வயது வரையிலான முதியோர் இல்லத்தவர் 10 பேருக்கு எட்டு வாரம் கடும் பளுப் பயிற்சி அளித்து 1990இல் வெளியிட்ட முடிவில், பயிற்சியை முடித்தவர்களின் கால்பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. எனவே காலம் கடந்துவிட்டது என்ற பேச்சுக்கு இடமில்லை.

ஓய்வின் விலையை டல்லாஸ் நகரத்து ஐந்து ஆடவர்களின் சரித்திரம் சொல்கிறது. 1966இல், இருபது வயதில், அவர்கள் 3 வாரம் படுக்கையில் கிடத்தப்பட்டார்கள்; 30 ஆண்டுகளுக்குப் பின் அதே ஐவரைச் சோதித்தபோது, உழைக்கும் உடலின் பிராணவாயு ஏற்கும் சக்தியை முப்பது ஆண்டு முதுமை குறைத்ததைக் காட்டிலும் அந்த மூன்று வாரப் படுக்கை அதிகமாகக் குறைத்திருந்தது தெரியவந்தது; ஆறு மாத ஏரோபிக் பயிற்சியோ, முப்பது ஆண்டு நஷ்டத்தை ஈடுசெய்தது. முதியவர்களுக்குப் படுக்கை இன்னும் கொடியது: சராசரி 67 வயதுடைய ஆரோக்கியமான சிலர் 10 நாள் படுக்கையில் இருந்ததில் அவர்கள் கால்களிலிருந்து மட்டும் சுமார் ஒரு கிலோ தசை குறைந்தது என்று 2007இல் வெளியான ஆராய்ச்சி காட்டியது.

நெஞ்சுவலியோ மயக்கமோ உள்ளவர்கள் வைத்தியரிடம் காட்டிக்கொள்ளாமல் எதையும் தொடங்கலாகாது. மற்றபடி, ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும் தாய் தந்தையரை, வைத்தியர் அனுமதித்த அன்றே கைத்தாங்கலாகவேனும் எழுப்பி நடக்க வையுங்கள். அவர்கள் தாமே எழுந்து செய்யக்கூடிய வேலைகளை, பாசத்தின் பேரால், அவர்களிடமிருந்து பிடுங்கிக்கொள்ளாதீர்கள்.