எந்த ஊத்துக்குளிங்க?

சத்தி ரோட்டில் ஒரு கோவில்பாளையம் இருக்கிறது. பொள்ளாச்சி ரோட்டிலும் ஒரு கோவில்பாளையம் இருக்கிறது. இரண்டும் கோயம்புத்தூர் மாவட்டம்தான். ஒன்று நகரத்துக்கு வடகிழக்கே, இன்னொன்று தெற்கே. வெளியூரிலிருந்து வந்து ஹாஸ்டலில் சேர்ந்த நண்பர் ஒருவர் "கோவில்பாளையம் போகணும், எங்க பஸ் ஏறணும்?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? சத்தி ரோட்டு ஊர் என்றால் காந்திபுரம். பொள்ளாச்சி ரோட்டு ஊர் என்றால் உக்கடம். திருப்பிக் கேட்காமல் பதில் சொல்லவே முடியாது.

பஸ் மாறி ஏறினால் ஒரு மணி நேரம் போகும், அவ்வளவுதான். ஆனால் 108-க்குப் போன் செய்கிறவர் பதற்றத்தில் "கோவில்பாளையம்" என்று மட்டும் சொன்னால்? நாம் ஃபைனல் இயர் ப்ராஜெக்டாகச் செய்யும் டெலிவரி ஆப்பில் அந்தப் பெயர் மட்டும் பதிவானால்? ஒரே பெயருள்ள ஊர்கள் என்பது கேட்கச் சிரிப்பாக இருந்தாலும், பின்னால் பெரிய சிக்கல் இருக்கிறது. அந்தச் சிக்கலை நம்ம கொங்கு நாட்டுக்காரர்கள் கம்ப்யூட்டர் வருவதற்கு வெகு முன்னாடியே ஒரு மாதிரி தீர்த்தும் வைத்திருக்கிறார்கள். அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

ஒரே பேர் ஏன் இத்தனை ஊருக்கு?

நம்ம பக்கத்து ஊர்ப் பெயர்களில் பாதிக்கு மேல் வர்ணனைகள். மேட்டில் இருக்கும் பாளையம் மேட்டுப்பாளையம். கோவில் இருக்கும் பாளையம் கோவில்பாளையம். பழைய ஊரிலிருந்து பிரிந்து புதிதாகக் குடியேறிய இடம் புதூர். பாளையம் என்றால் முதலில் படை தங்கும் இடம். பிறகு குடியிருப்பு என்ற பொருளே நிலைத்துவிட்டது.

மேடு எல்லா ஊரிலும் உண்டு. கோவிலும் எல்லா ஊரிலும் உண்டு. அதனால் பேரும் திரும்பத் திரும்ப வருகிறது. மேட்டுப்பாளையம் என்றதும் நமக்கு ஊட்டி ரயில் கிளம்பும் ஊர்தான் நினைவுக்கு வரும். வெள்ளக்கோவில் பக்கம் ஒரு மேட்டுப்பாளையம் இருக்கிறது. திருச்சி மாவட்டத்தில் ஒரு பேரூராட்சிக்கு அதே பேர். புதுச்சேரியில் தொழிற்பேட்டை இருக்கும் பகுதிக்கும் அதே பேர்.

பேர் வைத்தவர்கள் தப்புச் செய்யவில்லை. நடந்து போகும் தூரத்துக்குள் இருந்தவர்களுக்கு அந்தப் பேர் போதுமானதாக இருந்தது. புதூர் என்றால் "நம்ம புதூர்" மட்டும்தான். கடிதம், ரயில், பத்திரப்பதிவு, பிறகு சர்வர் என்று ஒவ்வொன்றாக வந்தபோதுதான் எல்லாப் புதூரும் ஒரே பட்டியலுக்குள் வந்து நின்றன. கம்ப்யூட்டர் சயின்ஸ்காரர்கள் பாஷையில் சொன்னால், லோக்கல் வேரியபிளாக இருந்த பேரை யாரோ குளோபல் ஆக்கிவிட்டார்கள். மோதத்தானே செய்யும்?

செக் நாட்டுப் புதூர்கள்

இது நம்ம ஊருக்கு மட்டும் உள்ள பழக்கம் இல்லை. ஐரோப்பாவில் செக் நாட்டுக்குப் போனால் "நோவா வெஸ்" என்ற பேரில் ஏகப்பட்ட கிராமங்கள். நோவா என்றால் புதிய, வெஸ் என்றால் கிராமம். அச்சு அசல் நம்ம புதூர். "ல்ஹோட்டா" என்ற பேரில் நூற்றுக்கணக்கான ஊர்கள் உள்ளன. காட்டை வெட்டிக் குடியேறிய விவசாயிகளுக்கு இத்தனை வருஷம் வரி கிடையாது என்று கொடுத்த தவணைக் காலத்தின் பேர்தான் ஊர்ப் பேராகிவிட்டது.

அவர்கள் எப்படிப் பிரித்துக்கொண்டார்கள்? மேல், கீழ் என்று பொருள் தரும் சொல்லை முன்னால் சேர்த்தார்கள். அல்லது ஆற்றின் பேரைப் பின்னால் சேர்த்தார்கள். ஊஸ்டி என்றால் ஓர் ஆறு இன்னோர் ஆற்றில் சேரும் இடம், நம்ம பவானி கூடுதுறை மாதிரி. அந்தப் பேரில் லாபெ ஆற்றங்கரையில் ஒரு நகரம், ஓர்லிட்சே ஆற்றங்கரையில் ஒரு நகரம். ஆற்றின் பேரையும் சேர்த்துச் சொன்னால்தான் எந்த ஊஸ்டி என்று தெரியும். நாம் "சத்தி ரோடு கோவில்பாளையம்" என்று சொல்கிற அதே வேலைதான். அவர்களுக்கு ஆறு, கோயம்புத்தூர்க்காரர்களுக்கு ரோடு.

அடைமொழியில் ஒளிந்திருக்கும் வரலாறு

ஆனால் கொங்கு நாட்டில் ரோட்டை விடப் பழைய முறை ஒன்று இருக்கிறது. ஊர்ப் பேருக்கு முன்னால் ஓர் அடைமொழி. அதைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் அந்த ஊர் நிலத்தின் கதையே தெரியும்.

முதலில் நஞ்சை, புஞ்சை. நஞ்சை என்றால் பாசனம் உள்ள நிலம், புஞ்சை என்றால் மழையையோ கிணற்றையோ நம்பும் நிலம். ஈரோடு பக்கம் நஞ்சை காளமங்கலமும் இருக்கிறது, புஞ்சை காளமங்கலமும் இருக்கிறது. சத்தியமங்கலம் பக்கத்தில் இருக்கும் புளியம்பட்டிக்கு முழுப் பேர் புஞ்சை புளியம்பட்டி. "பு.புளியம்பட்டி" என்று எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஒற்றை எழுத்துதான் வேறு புளியம்பட்டிகளிலிருந்து அதைப் பிரிக்கிறது.

அடுத்து சர்க்கார், அக்ரஹாரம், ஜமீன். இவை நிலவரி யாருக்குப் போனது, நிலம் யாரிடம் இருந்தது என்பதைச் சொல்பவை. நேராக அரசாங்கத்துக்கு வரி கட்டிய ஊர் சர்க்கார். அந்தணர்களுக்கு விடப்பட்ட ஊர் அக்ரஹாரம். ஜமீன்தார் கையில் இருந்தது ஜமீன். எஸ்.எஸ்.குளம் என்று பஸ் போர்டில் பார்க்கிறோமே, அது சர்க்கார் சாமக்குளம். அதே வட்டாரத்தில் அக்ரஹார சாமக்குளம் என்று இன்னோர் ஊரும் உண்டு. திருப்பூர் பக்கம் போனால் எஸ்.பெரியபாளையம், ஏ.பெரியபாளையம். முதலாவது சர்க்கார், இரண்டாவது அக்ரஹாரம். 2024-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த நஞ்சராயன் குளம் இருப்பது சர்க்கார் பெரியபாளையத்தில். அடைமொழியை விட்டுவிட்டு வெறும் "பெரியபாளையம்" என்று தேடினால், சென்னைக்கு அந்தப் பக்கம் பவானி அம்மன் கோவில் இருக்கும் பெரியபாளையம்தான் முன்னால் வந்து நிற்கும்.

ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948-ல் வந்தது. ஜமீன் போய்விட்டது, ஊர்ப் பேரில் மட்டும் அப்படியே இருக்கிறது.

மூன்றாவதாக எண்கள். திருப்பூரில் 15 வேலம்பாளையம். அது நகராட்சியாக இருந்து 2011-ல் மாநகராட்சியோடு சேர்ந்தது. அதே மாவட்டத்தில் 63 வேலம்பாளையமும் உண்டு. கோவையில் பெரியநாயக்கன்பாளையம் பக்கம் நெ.4 வீரபாண்டி, தடாகம் பக்கம் 24 வீரபாண்டி. இது போக திருப்பூரில் பல்லடம் ரோட்டில் ஒரு வீரபாண்டி, சேலத்தில் ஒன்று, கௌமாரியம்மன் கோவில் இருக்கும் தேனி வீரபாண்டி ஒன்று. பேச்சில் "பதினஞ்சு வேலம்பாளையமுங்க" என்றே சொல்வார்கள். எண்ணைப் பேரின் ஒரு பகுதியாகவே எடுத்துக்கொண்டாயிற்று.

மூணு ஊத்துக்குளி

இப்போது தலைப்புக்கு வருவோம். கொங்கு நாட்டில் மூன்று ஊத்துக்குளி உண்டு. வெண்ணெய்க்குப் பேர் போன, ரயில் நிற்கிற ஊத்துக்குளி ஒன்று. மொடக்குறிச்சிப் பக்கம் நஞ்சை ஊத்துக்குளி. பொள்ளாச்சியை ஒட்டி ஜமீன் ஊத்துக்குளி.

"இதென்ன பெரிய விஷயம், ஊர்ப் பேரோடு மாவட்டத்தையும் சேர்த்துப் போட்டால் முடிந்தது" என்று தோன்றும். டேட்டாபேஸ் பாடத்தில் படித்த காம்போசிட் கீ ஞாபகம் வரும். அதைக் கொஞ்சம் சோதித்துப் பார்ப்போம்.

1979-க்கு முன்: ஈரோடு கோவை மாவட்டத்துக்குள் இருந்தது. மூன்று ஊத்துக்குளியும் கோவை மாவட்டம்தான். "ஊத்துக்குளி, கோயமுத்தூர் ஜில்லா" என்று ஒரு பழைய பத்திரத்தில் இருந்தால், அதை வைத்து ஊரைக் கண்டுபிடிக்க முடியாது.

1979-ல்: பெரியார் மாவட்டம் பிரிந்தது. ஊத்துக்குளியும் நஞ்சை ஊத்துக்குளியும் அதற்குள் போயின. ஜமீன் ஊத்துக்குளி மட்டும் கோவையில் நின்றது.

1996-ல்: பெரியார் மாவட்டம் ஈரோடு மாவட்டம் என்று பேர் மாறியது. ஊர் அசையவில்லை, விலாசம் மாறிவிட்டது.

2009-ல்: திருப்பூர் மாவட்டம் உருவானது. ஊத்துக்குளி திருப்பூருக்குப் போனது. நஞ்சை ஊத்துக்குளி ஈரோட்டிலேயே இருந்தது.

ஆக, முப்பது வருஷத்தில் வெண்ணெய் ஊத்துக்குளி நான்கு மாவட்டப் பேர்களின் கீழ் இருந்திருக்கிறது. "ஊர் + மாவட்டம்" என்ற கீ 2009-க்குப் பிறகுதான் இந்த மூன்றையும் சரியாகப் பிரிக்கிறது. ஆனால் நஞ்சை, ஜமீன் என்ற அடைமொழிகளுக்கு இந்த மாற்றம் எதுவும் ஒரு பொருட்டே இல்லை. கோடு எங்கே போட்டாலும் அவை ஒரே வேலையைச் செய்துகொண்டே இருந்தன.

பின்கோடு போதுமா?

இந்தியாவில் பின்கோடு 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. ஆறு இலக்கம். முதல் இலக்கம் மண்டலம், இரண்டாவது துணை மண்டலம், மூன்றாவது தபால் பிரிக்கும் மாவட்டம், கடைசி மூன்றும் பட்டுவாடா செய்யும் தபால் ஆபீஸ். ஒரே பேருள்ள ஊர்களால் கடிதங்கள் மாறிப் போவதும், பல மொழிகளில் எழுதிய விலாசங்களைப் பிரிப்பதில் இருந்த சிரமமும் இதற்குக் காரணங்கள்.

ஆனால் பின்கோடு தபால் ஆபீஸுக்கான எண், ஊருக்கான எண் அல்ல. ஒரே எண்ணுக்குள் பல கிராமங்கள் வரும். மாவட்ட எல்லையையும் அது பின்தொடர்வதில்லை. காங்கேயமும் தாராபுரமும் 2009-லேயே திருப்பூர் மாவட்டத்துக்கு வந்துவிட்டன. பின்கோடு இன்னும் ஈரோட்டைப் போல 638 என்றே தொடங்குகிறது. "முதல் மூன்று இலக்கத்தை வைத்து மாவட்டத்தைக் கண்டுபிடித்துவிடலாம்" என்று கோட் எழுதினால் இங்கே மாட்டிக்கொள்வோம்.

எழுத்துக்கூட்டல் சிக்கல் வேறு. ஊத்துக்குளியை ஆங்கிலத்தில் எழுதும்போது முதல் எழுத்து யு-வா, இரண்டு ஓ-வா? நடுவில் ஒரு டி-யா, இரண்டா, எச் சேருமா? ஆளுக்கு ஒரு மாதிரி எழுதுவார்கள். 2020-ல் தமிழக அரசு 1018 ஊர்ப் பேர்களுக்கு ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி ஆணை வெளியிட்டது, சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. இரண்டு பட்டியல்களை ஊர்ப் பேரை மட்டும் வைத்து இணைத்தால், ஒரே ஊர் இரண்டாக உடையும், இரண்டு ஊர் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும்.

இதற்குத்தான் எண்கள். ரயில்வே ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஒரு கோட் வைத்திருக்கிறது. கோவைக்கு சி.பி.இ., மேட்டுப்பாளையத்துக்கு எம்.டி.பி. மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் நடத்தும் லோக்கல் கவர்ன்மென்ட் டைரக்டரியில் ஒவ்வொரு கிராமத்துக்கும், ஊராட்சிக்கும் தனித்தனி எண் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் கிராமங்களுக்கு ஆறு இலக்க எண் கொடுத்தார்கள். 2025-ல் தபால் துறை டிஜிபின் என்று ஒன்றை வெளியிட்டது. நாட்டையே ஏறக்குறைய நான்கு மீட்டர்க்கு நான்கு மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்குப் பத்து எழுத்துக் குறியீடு.

நாம என்ன செய்யலாம்?

ப்ராஜெக்டோ, ஹேக்கத்தானோ, கல்லூரி விழாவுக்கான ரெஜிஸ்ட்ரேஷன் ஃபார்மோ, எதைச் செய்தாலும் நான்கு விஷயங்களை மனதில் வையுங்கள்.

ஒன்று, ஊர்ப் பேரைப் பிரைமரி கீயாக வைக்காதீர்கள். டைரக்டரி எண்ணை வையுங்கள், பேர் காட்டுவதற்கு மட்டும் இருக்கட்டும்.

இரண்டு, டேட்டாவைச் சுத்தம் செய்கிறேன் என்று எண்ணையும் புள்ளியையும் வெட்டாதீர்கள். பேர் என்றால் எழுத்து மட்டும்தான் என்று ஒரு வேலிடேஷன் போட்டால் 15 வேலம்பாளையமும் 63 வேலம்பாளையமும் ஒன்றாகிவிடும். பு.புளியம்பட்டி வெறும் புளியம்பட்டி ஆகிவிடும்.

மூன்று, தேடும்போது பிரபலமான ஊரை மட்டும் தானாக நிரப்பாதீர்கள். "எந்த வீரபாண்டி?" என்று பட்டியல் போட்டுக் கேளுங்கள். பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் கேட்பாரே, அதேதான்.

நான்கு, மாவட்டத்தையும் தாலுகாவையும் தேதியோடு சேமியுங்கள். பழைய பத்திரம், சாதிச் சான்றிதழ், டி.சி. எல்லாம் அந்தந்தக் காலத்து மாவட்டப் பேரைத்தான் சொல்லும். அது தப்பு இல்லை, அன்றைக்கு அதுதான் சரி.

எண் வந்துவிட்டதே, இனி அடைமொழி எதற்கு என்று கேட்கலாம். மெஷினுக்கு எண் போதும். ஆனால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுகிற மனுஷனுக்கு ஆறு இலக்கம் அந்த நேரத்தில் ஞாபகம் வராது, "24 வீரபாண்டிங்க, தடாகம் பக்கம்" என்பதுதான் வாயில் வரும். அது போக, இந்த ஊரில் தண்ணீர் பாய்ந்ததா, வரி யாருக்குப் போனது என்பதை எந்த எண்ணும் சொல்லப் போவதில்லை. பேரைச் சுருக்கச் சுருக்க அந்தத் தகவல்தான் முதலில் காணாமல் போகிறது.

அடுத்த லீவில் ஊருக்குப் போனால் வீட்டில் இருக்கும் பட்டாவையோ பழைய பத்திரத்தையோ எடுத்துப் பாருங்கள். உங்கள் ஊர்ப் பேருக்கு முன்னால் நாம் இப்போது சொல்லாமல் விட்டுவிட்ட ஒரு சொல்லோ எண்ணோ இருக்கலாம். இருந்தால் அது ஏன் வந்தது என்று அப்பாருகிட்டயோ அப்புச்சிகிட்டயோ கேட்டு, நம்ம இதழுக்கு எழுதி அனுப்புங்க. ஊர்ப் பேரை மட்டும் முழுசா எழுதுங்க.