காணாமல் போனவரை எழுதப் போகிறவர்களுக்கு

சின்ன ஊர், முப்பது வருஷத்துக்கு முன் காணாமல் போன ஒருவர், இன்று வந்து அதைக் கிளறும் ஒருவர். இந்த மூன்றையும் வைத்து முதல் நாவல் எழுத ஆசைப்படும் இளைஞர்கள் என்னிடம் கையெழுத்துப் பிரதியோடு வருகிறார்கள். பெரும்பாலான பிரதிகளில் துப்பு இருக்கிறது, திருப்பம் இருக்கிறது. அந்த வீட்டு மனிதர்கள் மட்டும் இல்லை. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1. யார் செய்தது என்பதை அப்புறம் முடிவு செய்யுங்கள். யார் யார் காத்திருக்கிறார்கள் என்று முதலில் எழுதி வையுங்கள். அம்மா, மனைவி, அண்ணன், கடன் கொடுத்தவர், கடைசியாகப் பேசிய நண்பன். 'இனி வரமாட்டார்' என்று மனம் ஒப்பிய ஒரு நாள் ஒவ்வொருவருக்கும் உண்டு. சிலருக்கு அந்த நாள் வரவே வராது. ஒரே வீட்டுக்குள் இந்த நாட்கள் வேறுபடுவதிலிருந்துதான் உங்கள் கதை புறப்பட வேண்டும்.

2. சட்டம் தெரியாமல் இதை எழுத உட்காராதீர்கள். ஒருவரைப் பற்றி, இயல்பாகத் தகவல் தெரிந்திருக்க வேண்டியவர்களுக்கே ஏழு ஆண்டுகள் ஒரு சேதியும் இல்லையென்றால், அவர் உயிரோடிருக்கிறார் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். பழைய இந்திய சாட்சியச் சட்டத்தில் இது 108ஆம் பிரிவு. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதிநியமத்தில் 111ஆம் பிரிவு. ஏழாம் ஆண்டு முடிந்த மறுநாளே இறப்புச் சான்றிதழ் கைக்கு வந்துவிடுவதாகப் பலர் எழுதுகிறார்கள். வராது. நீதிமன்றப் படியேற வேண்டும். அங்கும் இந்தப் பிரிவின்படி அனுமானிக்கப்படுவது அவர் இறந்துவிட்டார் என்பது மட்டுமே. எந்தத் தேதியில் இறந்தார் என்று கேட்டால் சட்டம் தானாகப் பதில் சொல்லாது. தேதியைச் சொல்கிறவர்தான் நிரூபிக்க வேண்டும். பாகப்பிரிவினை நிலுவையில் உள்ள குடும்பத்தில் அந்த ஒரு தேதி எவ்வளவு பெரிய சண்டைக்கு வித்து என்று யோசியுங்கள்.

கணவர் பெயரில் எல்.ஐ.சி. பாலிசி இருந்தால், நீதிமன்ற உத்தரவு வரும்வரை பிரீமியத்தை விடாமல் கட்ட வேண்டும், விட்டால் காலாவதி. அவர் திரும்பி வரவேண்டும் என்று வேண்டிக்கொள்கிற அதே பெண், அவர் இறந்தால் கிடைக்கும் தொகைக்காக வருஷா வருஷம் பணம் கட்டுகிறாள். இதைவிடப் பெரிய திருப்பம் வேறெங்கே கிடைக்கப்போகிறது? 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் அதே ஏழு வருஷத்தை விவாகரத்துக்கும் காரணமாக ஏற்கிறது. சாஸ்திரம் பார்க்கும் குடும்பங்களில் பன்னிரண்டு வருஷம் காத்திருந்து, தர்ப்பையால் உருவம் செய்து அதற்கு ஈமக்கடன் செய்யும் வழக்கம் இருந்தது. சட்டத்துக்கு ஏழு, சாஸ்திரத்துக்குப் பன்னிரண்டு. இடையில் இருக்கும் ஐந்து வருஷத்தில் அவள் பொட்டு வைத்துக்கொள்ளலாமா, நாத்தனார் மகள் கல்யாணத்தில் ஆரத்தி எடுக்கலாமா, யார் முகம் சுளிப்பார்கள்? இதற்கெல்லாம் உங்களிடம் பதில் இருந்தால் பாதி நாவல் எழுதியாயிற்று.

3. இந்தத் துக்கம் மரணத் துக்கத்தைப் போன்றதல்ல. அமெரிக்க ஆய்வாளர் பாலின் பாஸ், வியட்நாம் போர்க்காலத்தில் காணாமல் போன விமானிகளின் குடும்பங்களை 1970களில் ஆராய்ந்தார். உடலால் இல்லாமலும் மனத்தால் வீட்டிலேயே இருந்துகொண்டும் ஒருவர் இருப்பதை, தெளிவற்ற இழப்பு என்று அவர் வகுத்தார். அது பற்றிய அவருடைய நூல் 1999இல் வந்தது, தேடிப் படியுங்கள். உடல் இல்லை, சடங்கு இல்லை, துக்கம் கேட்க வருகிறவர்களுக்கும் என்ன சொல்வதென்று தெரியாது. ஆகவே முதலில் அதிர்ச்சி, பிறகு கோபம், கடைசியில் அமைதி என்று படிப்படியாக எழுதாதீர்கள். காலையில் கணவரின் சட்டைகளை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று எடுத்து வைத்தவள், சாயங்காலம் அவற்றைத் துவைத்து மடித்துப் பழைய இடத்திலேயே வைப்பாள். இரண்டும் உண்மை.

4. சின்ன ஊரில் ரகசியம் என்பது ஒருவரிடம் பூட்டிக் கிடப்பதில்லை, துண்டு துண்டாகப் பலரிடம் இருக்கிறது. கம்பவுண்டருக்கு ஒன்று தெரியும், தபால்காரருக்கு ஒன்று, கடைசி பஸ்ஸின் கண்டக்டருக்கு ஒன்று. அவற்றை அவர்கள் ஏன் ஒன்றாக வைத்துப் பார்க்கவில்லை என்பதுதான் கேள்வி. நம் ஊர்களில் அதற்குச் சாதியும் மானமும் பெரிய காரணங்கள். பெண் காணாமல் போனால், 'எவனோடாவது போயிருப்பாள்' என்ற ஒரே வாக்கியம் தேடலைத் தொடங்கும் முன்பே முடித்துவிடும். ஸ்டேஷனில் சொல்வார்கள், சொந்தத்தில் சொல்வார்கள், சில வீடுகளில் அப்பாவே சொல்வார். இது என்னை இன்றும் கொதிக்க வைக்கிறது. காணாமல் போன குழந்தை பற்றிய புகாருக்கு எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 மே மாதத்தில் உத்தரவிட வேண்டியிருந்தது. உங்கள் கதையில் சிறுமி காணாமல் போனது அதற்கு முன் என்றால், புகாரே பதிவாகாமல் போயிருக்கலாம். அந்த வாக்கியத்தை முதலில் சொன்னவரைக் கதைக்குள் கொண்டுவாருங்கள், குற்றவாளியைவிடக் கவனமாக எழுதுங்கள்.

5. காலத்தைச் சரிபாருங்கள். தந்திச் சேவை 2013 ஜூலையில் நின்றது. குற்ற வழக்கில் டி.என்.ஏ. சோதனை முதன்முதல் பயன்பட்டது 1986இல், இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில். 1979இல் உங்கள் இன்ஸ்பெக்டர் அதைக் கேட்க முடியாது. மண்டையோட்டின் மேல் புகைப்படத்தைப் பொருத்திப் பார்க்கும் முறை மட்டும் 1930களிலேயே இருந்தது.

6. விடை சொல்வதா வேண்டாமா என்று எல்லோரும் கேட்கிறீர்கள். மூன்று நாவல்களைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். ஜோன் லிண்ட்சே 1967இல் வெளியிட்ட 'பிக்னிக் அட் ஹேங்கிங் ராக்'கில் மூன்று மாணவிகளும் ஓர் ஆசிரியையும் மறைகிறார்கள். ஒருத்தி மட்டும் கிடைக்கிறாள், அவளுக்கு எதுவும் நினைவில்லை. விளக்கம் சொல்லும் கடைசி அத்தியாயத்தைப் பதிப்பகத்தாரின் யோசனைப்படி அவர் நீக்கிவிட்டார். அவர் இறந்தபின் 1987இல்தான் அது அச்சானது. அது இல்லாத நாவலே வலுவானது என்பது என் முடிவு. மறைந்தவர்களைவிட, மிஞ்சிய பள்ளி சிதைந்துபோவதுதான் அதன் உயிர். டானா ஃபிரெஞ்சின் 'இன் த வுட்ஸ்' 2007இல் வந்தது. அதில் இன்றைய கொலைக்கு விடை கிடைக்கிறது, துப்பறிபவனின் சிறுவயதில் காட்டில் காணாமல் போன நண்பர்களுக்குக் கிடைப்பதில்லை. ஜான் மெக்ரிகரின் 'ரிசர்வாயர் 13', 2017இல் வந்தது. ஒரு சிறுமி காணாமல் போன பிறகு அந்தக் கிராமத்தின் பதின்மூன்று வருஷங்கள், வருஷத்துக்கு ஓர் அத்தியாயம். ஆடு குட்டி போடுகிறது, கல்யாணங்கள் முறிகின்றன, தேடல் மெல்ல மெல்ல ஊரின் பேச்சிலிருந்து நழுவுகிறது.

மூவரும் விடையை மறைத்து வாசகரைச் சீண்டவில்லை. விடை இல்லாமல் வாழ்வது எப்படியிருக்கும் என்று காட்ட, நூல் முழுக்க உழைத்திருக்கிறார்கள். அந்த உழைப்பைப் போட முடியாதென்றால் விடையைச் சொல்லிவிடுங்கள், அது நேர்மை. ஆனால் சொன்ன பக்கத்தோடு நாவலை முடிக்காதீர்கள். எலும்பு கிடைத்த பிறகு அம்மா முதலில் என்ன கேட்கிறாள், மறுவாரம் வீட்டில் எப்படி நகர்ந்தது என்று இன்னும் ஓர் அத்தியாயமாவது எழுதுங்கள்.

7. உயிரோடிருக்கும் ஒரு குடும்பத்தின் கதையைப் பெயரை மாற்றி எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் இன்னும் காத்துக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் கற்பனையில் அவர்கள் பிள்ளையைக் கொன்றுவிட உங்களுக்கு உரிமையில்லை.

8. எழுத்தில் கை பழக ஒரு பயிற்சி. சென்னை எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்குப் போய் உங்கள் கதை நடக்கும் வருஷத்தின் நாளிதழ்களைக் கேளுங்கள். 'காணவில்லை' விளம்பரங்களை மட்டும் படியுங்கள். வயது, உயரம், நிறம், மச்சம், கடைசியாக உடுத்தியிருந்தது, 'உன்னை யாரும் எதுவும் சொல்லமாட்டோம்' என்ற வாக்குறுதி, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்ற சேதி. பிறகு உங்கள் பாத்திரத்துக்கு அப்படியொரு விளம்பரத்தை மூன்று முறை எழுதுங்கள். ஒன்றை அப்பா எழுதட்டும், ஒன்றை அம்மா, ஒன்றைத் தங்கை. மூன்றையும் பக்கத்தில் வைத்து, யார் எதை விட்டுவிட்டார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். முதல் அத்தியாயத்துக்கு வேண்டியது அந்தக் குறிப்பில் இருக்கும்.