களவுசெய்த சிறுவரும் அவர்தம் இல்லமும்

வகுப்பிலே ஒரு பிள்ளை பிறிதொரு பிள்ளையின் பொருளைக் களவாடியவிடத்து உபாத்தியாயர் நெடுங்காலம் நாடிவந்தது பிரம்பையேயாம். யாம் கற்ற மிஷன் பாடசாலையிலும் அதுவே வழக்கு. உபாத்தியாயரான புதிதில் யாமும் அவ்வழியே நின்றோம். அங்ஙனம் எம்மால் அடியுண்ட சிறுவனொருவன், தாய் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன மாதந்தொட்டே களவு பழகினான் என்பதனை, அவன் பாடசாலையை விட்டகன்ற பின்னரே அறிந்தோம். அந்நாண் இன்றும் நீங்கிற்றில்லை. ஆதலின் இப்பொருள்பற்றி இங்கிலாந்திலே நிகழ்ந்த ஆராய்ச்சியை ஆசிரியர்கட்கு ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

இலண்டன் மாநகரிலே சிறுவர் வழிகாட்டு நிலையமொன்றில் உளமருத்துவராயிருந்த ஜோன் போல்பி என்பார், களவுப் பழக்கமுடைய 44 சிறுவரையும், களவின்றி வேறு மனக்குறைகளால் அந்நிலையத்துக்கு வந்த 44 சிறுவரையும் ஒப்புநோக்கி, தாம் கண்டவற்றை 1944-ஆம் ஆண்டிலே வெளியிட்டார். களவாடியோருள் 17 பேர் இளமையிலே தாயை நெடுங்காலம் பிரிந்திருந்தவர். மற்றைக் கூட்டத்தாருள் அத்தகையார் இருவரே. களவாடியோருள் 14 பேரை, எவரிடத்தும் அன்பு பாராட்டாதவர் என அவர் தனியே வகுத்தார். அப்பதினால்வருட் பன்னிருவர் தாயைப் பிரிந்தவரே.

இதுகொண்டு, தாயைப் பிரிந்த பிள்ளைகளெல்லாம் கள்வராவர் என முடித்தல் பெரும்பிழையாம். களவாடிய 44 பேருள் 27 பேருக்கு அப்பிரிவு நேர்ந்திலது என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அன்றியும், சிறுவரது குணத்தை வகுத்தவரும் அவர்தம் முன்வரலாற்றை ஆராய்ந்தவரும் போல்பி ஒருவரே. தாம் தேடியதையே ஒருவர் காணுதல் உலகியல்பன்றோ?

பின்னர் மைக்கல் ரட்டர் என்னும் அறிஞர் 1972-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிலே இதனை மீளவும் ஆராய்ந்தார். பெற்றோருட் பிணக்கு ஓயாத இல்லத்துச் சிறுவர், பிரிவு நேராதவிடத்தும் நெறிபிறழ்ந்தனர். நோய் முதலிய காரணங்களாற் பிரிந்து, இணக்கமுள்ள இல்லத்துக்கு மீண்டோரிடத்து அப்பிறழ்வு அத்துணை காணப்பட்டிலது. பெற்றோருள் ஒருவரிடத்தாயினும் நல்லன்பு வாய்த்த பிள்ளைக்குத் தீங்கு குறைந்தது. பிள்ளை பற்றுவைப்பது தாயிடத்து மாத்திரமன்று, தன்னைப் பேணும் பிறரிடத்துமாம் என்பதும் அவர் வற்புறுத்தியதொன்று. தாய் தொழிலுக்குப் போதலே குற்றமென்று குறைகூறுவார் இதனைக் கருதுவாராக.

அங்ஙனமாயின் ஆராயத்தக்கது பிள்ளை மாத்திரமன்று, இல்லமுமாம். போல்பியே 1949-ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையொன்றில், தனித்துக் கண்டு பயன்பெறாத ஒரு சிறுவனையும் அவன் பெற்றோரையும் ஒருங்கிருத்திப் பேசிய வரலாற்றைக் கூறினார். ஒருவரையொருவர் குற்றஞ்சாட்டுதலே முதலில் நிகழ்ந்தது; அதனைப் பொறுத்திருந்தபோதே பெற்றோர்தம் இளமைத் துன்பங்களும் வெளிப்பட்டன. குடும்பம் முழுவதையும் ஒருங்கே நோக்கும் மருத்துவமுறை பின்னர்ப் பல தேசங்களிலே பரவிற்று. அதன் முதல் எழுத்துக்களுள் ஒன்றாக இக்கட்டுரையைக் கூறுவர்.

உபாத்தியாயர் மருத்துவரல்லர், அத்தொழிலை மேற்கொள்ளல் அவர்க்குத் தகாது. எனினும் வீட்டிலே யார் உளர், பிள்ளைக்கு உணவிடுவார் யார், இரவிலே அவன் யார் அருகிற் படுக்கின்றான் என்று வினவுதற்கு வைத்தியக்கல்வி வேண்டா.

எம்மால் அடியுண்ட அச்சிறுவனுக்கு அம்மம்மா ஒருவர் இருந்தார். அவரை ஒருநாளேனும் பாடசாலைக்கு அழைத்து யாம் பேசினோமல்லோம்.